வாய் திறக்க எந்த ஊசி?

அக்காவின் இடது காதோரம் இரண்டு வருடமாக ஒரு சத்தம் இருந்தது. வாயைத் திறந்தால் ஒரு ‘டக்’, மூடும்போது அதைவிட மெல்லிதாக இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றால் நமக்கே கேட்கும். எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். முதல் பெஞ்சுப் பிள்ளைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று கூச்சப்படுவாள். ஒரு ஜனவரி மாதக் காலையில் எழுந்தபோது அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. விட்டது சனியன் என்று நினைத்தாளாம். பல் தேய்க்கப் போனபோதுதான் கடைவாய் வரைக்கும் பிரஷ் போகவில்லை என்று தெரிந்தது. “டேய், வாய் பூட்டிக்கிச்சுடா” என்றாள் போனில், பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி.

அடுத்த பத்து நாளில் மூன்று இடங்களுக்குப் போனோம். முதல் இடத்தில் பி.ஆர்.பி. ஊசி என்றார்கள். உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுற்றி, மூட்டுக்குள் போடுவோம், மூன்று சிட்டிங், பாக்கேஜ் விலை என்று சொன்ன தொகை அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. இரண்டாவது இடத்தில் ஜெல் ஊசி; முழங்காலுக்குப் போடுகிற அதே ஹயலூரானிக் அமிலம். மூன்றாவது இடத்தில் போடாக்ஸ். எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால், வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று மூன்று இடத்திலும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா கேட்டாள்: “இதுல எந்த ஊசிடா நல்ல ஊசி?”

அந்தக் கேள்வியோடுதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்பது தெரிந்தது. அதைக் கேட்காமல் ஊசிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பயனே இல்லை.

ஒரே பெயர், மூன்று நோய்

காதுத் துளைக்கு முன்னால் இருக்கிற சின்னக் குருத்தை ஒட்டி விரலை வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னால் வந்து, பின்னால் போகும். கீழ்த்தாடை எலும்பின் தலை அது. மண்டையோட்டில் அதற்கென்று ஒரு குழி இருக்கிறது. கொஞ்சம் திறக்கும்போது கதவுக் கீல் மாதிரி சுழல்கிறது. இன்னும் திறந்தால் குழியை விட்டு முன்னால் வழுக்கி இறங்குகிறது. சுழற்சியும் வழுக்கலும் சேர்ந்து வேலை செய்கிற மூட்டு இது. இடமும் வலமும் ஒரே எலும்பின் இரண்டு முனைகள் என்பதால், ஒன்றுக்கு ஓய்வு கொடுத்து மற்றதை மட்டும் அசைக்கவும் வழியில்லை.

குமிழுக்கும் குழிக்கும் நடுவில் குருத்தெலும்பு போன்ற ஒரு வட்டு. அது மூட்டை மேல் அறை, கீழ் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. மேல் அறையில் ஒரு மில்லிலிட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீர்தான் கொள்ளும். தாடை மூட்டுக்கு ஊசி என்று பேசும்போது பெரும்பாலும் அந்தச் சிறிய அறையைத்தான் சொல்கிறார்கள்.

வட்டு தன் இடத்தை விட்டு முன்னால் நழுவினால், வாய் திறக்கும்போது குமிழ் அதன் மேல் ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் ‘டக்’. ஒருநாள் ஏற முடியாமல் போனால் சத்தம் நின்றுவிடும், வாய் பூட்டிக்கொள்ளும். அக்காவுக்கு அன்று காலை நடந்தது அதுதான். சத்தம் மட்டும் இருந்து, வலியும் பூட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். ஊரில் எத்தனையோ பேர் இந்த டக்கோடு சுகமாக வாழ்கிறார்கள்.

இது மூட்டுக்குள் வருகிற கோளாறு. வட்டு நழுவுவது, மூட்டு அழற்சி, தேய்மானம் எல்லாம் இதில் அடங்கும். இதைவிட அதிகமாகப் பார்க்கக் கிடைப்பது தசை வலி. கன்னத்தில் பல்லைக் கடித்தால் புடைக்கிற தசை, நெற்றிப் பொட்டுத் தசை ஆகியவை இறுகிப்போய் வலிக்கும். இரவில் பல் கடிக்கிறவர்கள், பகலில் தெரியாமலே தாடையை இறுக்கி வைத்துக்கொள்கிறவர்கள், மன அழுத்தத்தில் இருப்பவர்கள் இந்தக் கூட்டம். காதுவலி என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் நினைத்து அலைகிறவர்களில் பலர் இவர்கள்தான். மூன்றாவது கோளாறு நேர் எதிரானது. மூட்டைக் கட்டியிருக்கும் நார்கள் தளர்ந்து, கொட்டாவி விட்டால் தாடை விலகி, வாய் மூட மாட்டேன் என்று நிற்கும். கடைவாய்ப் பல் மேல் துணி சுற்றிய கட்டைவிரலை வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினால் அது உள்ளே விழும். அப்படித்தான் மருத்துவர்கள் திரும்ப ஏற்றுகிறார்கள்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்: தாடை மூட்டுக் கோளாறு. மருத்துவர் வாயில் டி.எம்.டி. தசை வலியையும் மூட்டு வலியையும் பிரித்தறிய எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் பொதுவான அளவுகோல் 2014இல்தான் செம்மையாக வந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளில் இந்த நோயாளிகள் பலவிதமாகக் கலந்து கிடக்கிறார்கள். எந்த ஊசி நல்லது என்பதற்கு ஆளுக்கொரு பதில் கிடைப்பதற்கு இந்தக் கலப்படமும் ஒரு காரணம். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வலி தசையிலா, மூட்டுக்குள்ளா, தளர்ந்த நாரிலா?

இசப்கோலில் தொடங்கிய கதை

1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காதடைப்பும் காதிரைச்சலும் தலைவலியுமாக வந்த சிலருக்குக் குற்றம் தாடை மூட்டில் என்று எழுதினார். கடைவாய்ப் பல் போய் கடி தாழ்ந்துவிட்டதால் மூட்டு நசுங்குகிறது என்பது அவர் விளக்கம். அந்த விளக்கம் நிற்கவில்லை. ஆனால் அதை நம்பிப் பல ஆண்டுகளுக்குப் பல்லை ராவினார்கள், கடியைத் ‘திருத்தினார்கள்’. 1969இல் டேனியல் லாஸ்கின் தசையின் பக்கம் கவனத்தைத் திருப்பினார்.

ஊசியின் கதை 1937இல் தொடங்குகிறது. அடிக்கடி விலகும் தாடைக்கு, மூட்டுக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி நார்களை இறுகச் செய்யலாம் என்று லூயிஸ் ஷூல்ட்ஸ் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். அந்தத் திரவம் சோடியம் சிலியேட். நம் ஊர் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்கு வாங்குகிற இசப்கோல் இருக்கிறதே, அந்தச் செடியின் விதை எண்ணெயிலிருந்து எடுத்தது. குத்திய இடத்தில் ஒரு சிறு புண்ணை வேண்டுமென்றே உண்டாக்குவது. ஆறும்போது நார் தடித்து இறுகும் என்பது கணக்கு. இன்று அதே வேலைக்குச் செறிவான டெக்ஸ்ட்ரோஸ் போடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் நாம் ‘குளுக்கோஸ்’ என்று சொல்கிற அதே சர்க்கரைதான், செறிவு பல மடங்கு கூடுதல்.

விலகும் தாடைக்கு இன்னொரு வழியும் உண்டு. நோயாளியின் கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, எதுவும் கலக்காமல், எதிலும் சுற்றாமல், அப்படியே மூட்டில் செலுத்துவது. மேல் அறைக்குள் 2 மில்லி, மூட்டைச் சுற்றி 1 மில்லி என்பது பரவலான அளவு. ரத்தம் உறைந்து, தழும்பாகி, குமிழின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். பிறகு சில நாள் தலையோடு தாடையைச் சேர்த்துக் கட்டி வைத்து, வாய் அகலத் திறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவு மிகக் குறைவு. ஒரு மூட்டில் தழும்பு உண்டாக்க ரத்தம், இன்னொரு மூட்டைக் குணமாக்க ரத்தத்திலிருந்து பிரித்த பி.ஆர்.பி.! ஒரே பொருள், நேர் எதிர் நோக்கம். எந்தக் கோளாறு என்று தெரியாமல் ஊசி பேசுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மூட்டுக்குள் போகிறவை

வலியைத் தணிக்கப் போடுகிற மூன்றில் ஸ்டீராய்டுதான் மூத்தது. 1951இல் அமெரிக்காவில் ஜோசப் ஹாலண்டர் மூட்டுகளுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். இரண்டே வருடத்தில் அது தாடைக்கும் வந்துவிட்டது. வீங்கிச் சிவந்த மூட்டில் வலியைச் சீக்கிரம் அடக்குவதில் அது கெட்டிக்காரன். திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது என்பது அதன் மறுபக்கம். நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசிகூடச் சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். முன்கூட்டியே சொல்லி, மருந்தளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடம் வெளுத்துக் குழி விழலாம். மாநிறத்திலும் கறுப்பிலும் அது பளிச்சென்று தெரியும், அதுவும் காதோரத்தில். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதத்தில் தாடையும் மாட்டிக்கொள்வது உண்டு. அங்கே இன்னும் நிதானம் தேவை. வளரும் எலும்பின் முனை அது; ஸ்டீராய்டு செலுத்தப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு மூட்டைச் சுற்றித் தேவையில்லாத இடத்தில் எலும்பு முளைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஹயலூரானிக் அமிலம் நம் மூட்டு நீரிலேயே இருக்கிற வழுவழுப்பு. காஸ்டன் தன் கட்டுரையை எழுதிய அதே 1934இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள். பந்தயக் குதிரைகளின் கால் மூட்டுகளில் போட்டுப் பார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்டீரியாவை வைத்துத் தயாரிக்கிறார்கள். 1985இல் ஸ்வீடனில் சிகுவார்ட் காப் குழுவினர் தாடை மூட்டில் ஸ்டீராய்டையும் இதையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டிலும் நோயாளிகளுக்குக் குணம் தெரிந்தது; ஒன்று மற்றதைத் தோற்கடிக்கவில்லை. குருத்தெலும்பை அரிக்காது என்பது ஹயலூரானிக் அமிலத்துக்கு இருக்கிற நல்ல பெயர். விலைதான் கடிக்கிறது.

பி.ஆர்.பி. இன்றைய நாயகன். ரத்தத்தைச் சுழல் இயந்திரத்தில் வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, வைக்கோல் நிறத்தில் ஒரு நீர் மேலே நிற்கும். தட்டணுக்கள் செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார்கள். காயம் ஆறும்போது தட்டணுக்கள் வெளியிடுகிற வளர்ச்சிக் காரணிகள் மூட்டையும் ஆற்றும் என்பது நம்பிக்கை. 1998இல் ராபர்ட் மார்க்ஸ் தாடை எலும்பு ஒட்டுக்கு இதைப் பயன்படுத்தியது வாய் அறுவை மருத்துவத்தில் பெரிய அலையைக் கிளப்பியது. பிரான்சில் ஜோசப் ஷூக்ரூன் 2001இல், உறையாமல் தடுக்கும் மருந்தே சேர்க்காத பி.ஆர்.எஃப். முறையைக் கொண்டுவந்தார், அதன் திரவ வடிவம் இப்போது ஊசியாகவும் வருகிறது. எடுத்த சில நிமிடத்தில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசிக்குள்ளேயே உறைந்துவிடும்.

துருக்கி, எகிப்து, இந்தியா என்று பல நாடுகளிலிருந்து பி.ஆர்.பி. ஆய்வுகள் வந்திருக்கின்றன. வலி குறைகிறது, வாய் கூடுதலாகத் திறக்கிறது என்று பலவும் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். ஒவ்வோர் இடத்திலும் எடுக்கிற ரத்த அளவு, சுழற்றும் வேகம், கிடைக்கிற தட்டணு எண்ணிக்கை வேறு வேறு. ஒரு ஆய்வின் பி.ஆர்.பி.யும் இன்னொரு ஆய்வின் பி.ஆர்.பி.யும் ஒரே மருந்து இல்லை. ‘உங்க ரத்தம்தானே, பக்க விளைவே கிடையாது’ என்று சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தட்டணுக் குறைபாடு இருக்கிறவர்களும் அதை அப்படியே ஏற்கக் கூடாது.

கழுவுவதே மருந்தா?

1991இல் ஜெருசலேமைச் சேர்ந்த டோரிட் நிட்ஸானும் அமெரிக்க மருத்துவர்கள் டால்விக், மார்ட்டினெஸ் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். அதற்குமுன் பூட்டிய வாய்க்கு மூட்டைத் திறந்து அறுப்பார்கள், அல்லது ஜப்பானின் மசாதோஷி ஓனிஷி 1970களில் தொடங்கிவைத்தபடி உள்நோக்குக் கருவியை விடுவார்கள். கருவியை விட்டு வட்டைத் தொடாமல் வெறுமனே கழுவியபோதே பலருக்கு வாய் திறந்துகொண்டது. அப்படியானால் கருவி எதற்கு, இரண்டு ஊசி போதுமே என்று கேட்டார்கள் இவர்கள். ஒரு ஊசி வழியாக நீர் உள்ளே போகும், இன்னொன்று வழியாக வெளியே வரும். ஒரு மில்லி கொள்கிற அறைக்குள் 200 மில்லி அளவுக்கு நீர் ஓடும்போது, அழற்சியைத் தூண்டுகிற பொருட்கள் அடித்துக்கொண்டு போகின்றன; ஒட்டிப்போன வட்டு விடுபடுகிறது.

அந்த நீர் என்ன தெரியுமா? ரிங்கர் லாக்டேட். வார்டில் நர்ஸம்மாக்கள் ‘ஒரு ஆர்.எல். போடும்மா’ என்று சொல்கிற அதே பாட்டில்.

இந்தக் கழுவலோடு கூட மருந்து ஏதாவது சேர்த்தால் இன்னும் நல்லதா என்பதுதான் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் கேரி பௌலூ குழுவினர் 102 நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் கழுவினார்கள், முடிவில் ஒரு பிரிவினருக்கு ஹயலூரானிக் அமிலம், ஒரு பிரிவினருக்கு ஸ்டீராய்டு, மீதிப் பேருக்கு அதே ரிங்கர் லாக்டேட். 2017இல் முடிவு வெளியானது. மூன்று பிரிவிலும் வலி குறைந்தது. குறுகிய காலக் கணக்கில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை உட்கார வைத்த ஆய்வு இது. பி.ஆர்.பி.யையும் ஹயலூரானிக் அமிலத்தையும் கழுவலோடு சேர்த்தால் நீண்ட நாளில் கொஞ்சம் கூடுதல் பலன் என்று சொல்லும் தொகுப்பாய்வுகளும் இருக்கின்றன. அவற்றை நான் ஒதுக்கவில்லை. ஆனால் விலை உயர்ந்த ஊசியைச் சிபாரிசு செய்கிறவர், வெறும் நீரால் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் நோயாளிக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்.

தசை வலிக்கு வந்தால் இவை எதுவும் பொருந்தாது. வலி தசையில் இருக்க, மூட்டைக் கழுவி என்ன பயன்? அங்கே பேசப்படுவது போடாக்ஸ். கெட்டுப்போன இறைச்சியில் உருவாகும் நஞ்சு; ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கவிஞரும்கூட, 1820 வாக்கில் அதன் குணங்களை விரிவாக எழுதிவைத்தார். கண் தசைக் கோளாறுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1989இல் அனுமதி தந்தது, நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 2010இல். தாடைத் தசை வலிக்கு அப்படி ஓர் அங்கீகாரம் இல்லாமலேதான் பயன்படுத்துகிறார்கள். தசை மூன்று நான்கு மாதம் பலவீனமாகும். கன்னம் ஒட்டி முகம் ஒல்லியாகத் தெரியும். அழகுக்காகப் போடுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும். வலி? 2011இல் மாலின் எர்ன்பெர்க் குழுவினர் நாள்பட்ட தசை வலிக்காரர்களுக்கு ஒருமுறை போடாக்ஸும் ஒருமுறை உப்புநீரும், எது எப்போது என்று தெரியாமல் போட்டுப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மெல்லாத தாடையில் எலும்பு மெலிகிறது என்பது விலங்குகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களில் முடிவுகள் இருபக்கமும் வந்திருக்கின்றன. வருடத்துக்கு மூன்று முறை என்று இதைத் தொடரச் சொன்னால் தயங்கலாம், தவறில்லை.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில், நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கான வழிகாட்டி ஒன்று வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலிக்கு எது செய்யலாம், எது வேண்டாம் என்று, நோயாளிகளும் உட்கார்ந்த ஒரு குழு தீர்மானித்தது. அழுத்தமாகப் பரிந்துரைத்தவை: பயிற்சியாளர் கண்காணிப்பில் தாடைப் பயிற்சி, கையால் தசை முடிச்சுகளை நீவி விடுவது, உட்காரும், நிற்கும் விதத்தைச் சரிசெய்யும் பயிற்சி, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை, வீட்டில் செய்யும் நீட்சிகள், நோயைப் பற்றிய தெளிவும் தைரியமும். ஹயலூரானிக் அமில ஊசி, ஸ்டீராய்டு ஊசி, போடாக்ஸ், கழுவல் ஆகிய நான்கையும் ‘பெரும்பாலோருக்கு வேண்டாம்’ என்ற பட்டியலில் வைத்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு ஊசியே ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. அந்த வழிகாட்டி பேசுவது நாள்பட்ட வலியைப் பற்றி. திடீரென்று பூட்டிய வாய் வேறு விஷயம். நிட்ஸான் கழுவலைக் கண்டுபிடித்ததே அதற்குத்தான். ஆனால் வரிசை தெளிவாக இருக்கிறது. பயிற்சி முன்னால், ஊசி பின்னால். எங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று பாக்கேஜிலும் வரிசை தலைகீழாக இருந்தது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. வாய் திறக்கவில்லை என்றால் எல்லாம் மூட்டுக் கோளாறு ஆகாது. பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத் தோல் வெளுத்து, நாராக இறுகி, வாய் சிறுத்துக்கொண்டே வரும். 1950களின் தொடக்கத்திலேயே இந்தியர்களிடம் கண்டறிந்து எழுதப்பட்ட நோய் இது; புற்றுநோயாக மாறும் அபாயம் உள்ளது. அதற்கும் ஊசி உண்டு, கன்னத்துக்குள். அந்த மருந்தின் பெயர் ஹயலூரானிடேஸ். ஹயலூரானிக் அமிலம் மூட்டுக்கு வழுவழுப்புத் தருவது. ஹயலூரானிடேஸ் அதே அமிலத்தை உடைப்பது. காதில் ஒரே மாதிரி விழும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அதேபோல் நடந்தால், படியேறினால் வருகிற தாடை வலி இதயத்தின் வலியாக இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலி, மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது என்று வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; பொட்டு நாளத்தின் அழற்சி கண்ணைப் பறித்துவிடும்.

பதினோரு குச்சி

நாலாவதாக ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் முகத்தாடை அறுவைப் பிரிவுக்குப் போனோம். வயதான டாக்டர். முதல் வேலையாக மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் ஸ்கேலை வைத்தார். 22 மில்லிமீட்டர். சராசரி ஆளுக்கு 40க்கு மேல் இருக்கும். உங்கள் கை விரல் மூன்றை நெட்டுவாக்கில் வைத்தால் நுழைய வேண்டும். வாய் திறக்கும்போது தாடை இடது பக்கம் கோணுவதைக் கண்ணாடியில் அக்காவுக்கே காட்டினார். கன்னத் தசையை அழுத்தினார், பொட்டை அழுத்தினார், காதுக்கு முன்னால் அழுத்தினார். கடைசி இடத்தில் அக்கா துள்ளினாள்.

“ஒரு வாரத்துக்குள்ள வந்திருந்தா கையாலேயே ஏத்திப் பார்த்திருப்பேன்மா. இப்ப ஊசி வேண்டாம். ஐஸ் குச்சி வாங்கிட்டு வாங்க.”

பதினோரு குச்சி. ஒன்று ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, முன்பற்களுக்கு நடுவில் வைத்து, முப்பது எண்ணுவது. ஒரு நாளைக்கு ஆறு தடவை. வலி பொறுக்கும் அளவில் இருந்தால் சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவது. முன்னதாக வெந்நீர் ஒத்தடம். பேசாத நேரத்தில் உதடு மூடியிருக்க வேண்டும், பல் தொடக் கூடாது. வகுப்பில் நின்றுகொண்டே பல்லைக் கடிக்கிறோம் என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். கரும்பலகை ஓரத்தில் சாக்பீஸால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்த வேண்டும். பிள்ளைகள் கேட்டதற்கு, ‘அது எனக்கு’ என்று மட்டும் சொன்னாளாம்.

ஜப்பானில் 1998இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. இப்படி வட்டு பூட்டிய நோயாளிகளை எந்தச் சிகிச்சையும் செய்யாமல் இரண்டரை வருடம் கவனித்தார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குத் தொந்தரவே இல்லாமல் போனது. மூன்றில் ஒருவருக்குக் குறைந்தது. நாலில் ஒருவருக்குத்தான் அப்படியே இருந்தது. இதைப் படித்த இரவு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எந்த மருந்தைவிடவும் அது அவளுக்குத் தெம்பு தந்தது.

ஆறு வாரத்தில் பதினைந்து குச்சி ஆனது. அதற்குமேல் நகரவில்லை, மெல்லும்போது வலியும் இருந்தது. இனி கழுவலாம் என்றார் டாக்டர். கதவோரம் நிற்க என்னை விட்டார்கள். காதுக் குருத்திலிருந்து கண்ணின் வெளி ஓரம் வரை பேனாவால் ஒரு கோடு. கோட்டில் காதிலிருந்து 10 மில்லிமீட்டர் முன்னால், 2 கீழே ஒரு புள்ளி. 20 முன்னால், 10 கீழே இன்னொன்று. மரத்துப்போக மருந்து. முதல் ஊசி உள்ளே போனதும் கொஞ்சம் நீரை ஏற்றினார்கள். இரண்டாவது ஊசியின் வாயில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, பிறகு இன்னொன்று, பிறகு நிற்காமல் வழிந்தது. இடையிடையே “மெதுவா வாயைத் திறங்கம்மா, மூடுங்க” என்றார். கடைசியில் என்ன மருந்து போடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் போடல தம்பி. கழுவினதே போதும். ரெண்டு மாசத்துல வலி திரும்பினா ஹயலூரானிக் பத்திப் பேசுவோம்.”

அன்று சாயங்காலம் வரை இடது புருவத்தை அக்காவால் தூக்க முடியவில்லை. மரத்துப்போகப் போட்ட மருந்து முக நரம்பைத் தொட்டால் அப்படி ஆகும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் புருவம் எழுந்துவிட்டது. குச்சிப் பயிற்சியை மறுநாளே தொடரச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது ஸ்கேலில் 37. வலி இல்லை. ஹயலூரானிக் பேச்சு எழவில்லை.

பழைய ‘டக்’ திரும்ப வரவில்லை. பதினெட்டுக் குச்சிக் கட்டு இப்போது ஆசிரியர் அறையில், அக்காவின் மேசையில் பேனா டப்பாவுக்குள் இருக்கிறது. கணக்கு டீச்சருக்குப் போன வாரம் காதோரம் சத்தம் வருகிறதாம். வாங்க, முதல்ல அளந்து பார்ப்போம் என்று அக்கா ஸ்கேலை எடுத்திருக்கிறாள்.